புதர் மண்டிய தோட்டத்தோடு புது வீடு: முதல் வசந்தத்தில் எங்கே தொடங்குவது?

வீடு பார்க்கப் போகும்போது அறைகளை அளந்து பார்க்கிறோம், குழாயைத் திருகிப் பார்க்கிறோம். தோட்டத்தைப் பெரும்பாலும் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. குடிவந்த பிறகு, பனிக்காலம் முடிந்து வெயில் எட்டிப் பார்க்கும்போதுதான் உண்மை நிலவரம் தெரியும். இடுப்பளவு காய்ந்த புல், வேலியே தெரியாமல் ஏறிய கொடி, எது செடி எது களை என்று பிரிக்க முடியாத புதர். ஒரு சனி ஞாயிறில் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடலாம் என்று கை பரபரக்கும்.

அதைச் செய்யாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. வெட்டுவது சுலபமான பகுதி. வெட்டிய இடம் வெறும் மண்ணாகக் கிடந்தால் சில வாரங்களிலேயே களை முன்னைவிட நெருக்கமாக ஏறிவிடும். எவ்வளவு இடத்தை உடனே மூடவோ நடவோ முடியுமோ அவ்வளவு இடத்தை மட்டும் திறப்பது நல்லது. மீதி இடத்தில் புல்லையும் களையையும் விதை கட்டவிடாமல் அடக்கி வைத்தால் இந்த வருஷத்துக்குப் போதும்.

இதற்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. பல வருஷம் கவனிக்காமல் விட்ட மண்ணில் களை விதைகள் அடுக்கடுக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும். 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர், விதை எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்று பார்க்க 20 புட்டிகளில் விதைகளை மணலோடு கலந்து புதைத்து வைத்தார். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாக எடுத்து விதைத்துப் பார்க்கிறார்கள். 2021-இல் எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. ஏறத்தாழ 142 ஆண்டுகள்! அந்தப் புட்டியில் இருந்த பெரும்பாலான வகைகள் எப்போதோ செத்துவிட்டன என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒரே வருஷத்தில் களையை ஒழித்துவிடலாம் என்று திட்டம் போடக் கூடாது என்பதற்கு அது போதுமான சாட்சி. பல களை விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் தேவை. மண்ணைக் கிளறினால் கீழே கிடந்தவை மேலே வந்து வெளிச்சம் பார்க்கும், முளைக்கும். அதனால் தேவையில்லாமல் கொத்தாதீர்கள்.

முதல் சில வாரங்கள்: பார்ப்பதும் குறிப்பதும்

ஒரு தாளில் தோட்டத்தைக் கோணல்மாணலாக வரைந்துகொண்டாலும் போதும். வீடு, வேலி, மரங்கள், தண்ணீர்க் குழாய் எங்கே என்று குறியுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று நேரம் வெயில் எங்கெங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இலையுதிர் மரங்கள் வசந்தத்தின் தொடக்கத்தில் இன்னும் மொட்டையாக நிற்கும். இப்போது நல்ல வெயில் விழும் இடம் இலை வந்ததும் முழு நிழலாக மாறலாம். மழை பெய்த மறுநாள் ஒரு சுற்று வந்து, தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரங்களில் தரையிலிருந்து என்னென்னவோ முளைக்கும். முன்பு இருந்தவர்கள் ஆசையாக நட்ட பூங்கிழங்குகள், பல்லாண்டுச் செடிகள் எல்லாம் பனிக்காலத்தில் மண்ணுக்குள் ஒடுங்கியிருந்துவிட்டு இப்போதுதான் தலைநீட்டும். எல்லாவற்றையும் வழித்து எடுத்தால் அவையும் போய்விடும். வரிசையாகவோ ஒரே இடத்தில் கொத்தாகவோ முளைத்தால் யாரோ நட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டம் முழுக்க எங்கு பார்த்தாலும் ஒரே முளை தெரிந்தால் பெரும்பாலும் களை. இது எப்போதும் சரியாக வரும் என்று இல்லை, ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நன்றாகவே உதவும். சந்தேகமானவற்றின் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைத்துவிட்டு, பூக்கும்வரை காத்திருங்கள். போனில் படம் பிடித்து அடையாளம் காட்டும் செயலிகள் ஒரு துப்பு கொடுக்கும். வாயில் வைக்கவோ வெறுங்கையால் தொடவோ போகும் விஷயத்தில் மட்டும் அவற்றை நம்பக் கூடாது.

கிழங்குச் செடிகள் பூத்து முடிந்ததும் இலை அசிங்கமாகச் சாயும். அதை வெட்டவும் முடிச்சுப் போடவும் வேண்டாம். அடுத்த வருஷப் பூவுக்கான சத்தை அந்த இலைதான் கிழங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. தானாக மஞ்சளாகிக் காய்ந்த பிறகு இழுத்தால் கையோடு வந்துவிடும்.

இன்னொரு காரணத்துக்காகவும் அவசரப்பட வேண்டாம். பூச்சிகள் பலவும், தனியாக வாழும் தேனீக்கள் உட்பட, காய்ந்த தண்டுகளுக்குள்ளும் சருகுக்கு அடியிலும் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தொடங்கிய பிறகு சருகை வாரினால் பல உயிர்கள் தப்பிக்கும். அதற்கு முன்பே வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தண்டுகளைப் பொடியாக்காமல் ஓர் ஓரமாகச் சாய்த்து வையுங்கள்.

மண்ணில் கை வைப்பதற்கு முன்

பத்திரத்தோடு வந்த வரைபடத்தை எடுத்து எல்லை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடர்ந்த புதரில் எல்லைக்கல் மறைந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருஷம் வளர்த்த செடியை நீங்கள் வெட்டிவிடக் கூடாது. அப்படியே அவரிடம் பேச்சுக் கொடுத்தால் தோட்டத்தின் பழைய கதையும் கிடைக்கும்: எங்கே குளம் இருந்தது, எந்த மரம் போன வருஷம் கிளை முறிந்தது, எந்த மூலையில் கட்டட இடிபாடுகளைக் கொட்டினார்கள் என்பதெல்லாம்.

மண்ணுக்குள் மின்கம்பி, எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய், இணையக் கேபிள் ஓடலாம். ஆழமாகத் தோண்டுவதற்கு முன் அந்தந்தச் சேவையைத் தருபவர்களிடம் கேட்டு, தடம் எங்கே என்று குறிக்கச் சொல்லுங்கள். பல நாடுகளில் இதற்கென்றே தனித் தொலைபேசிச் சேவை உண்டு. சில இடங்களில் தோண்டுவதற்கு முன் கேட்பது சட்டப்படி கட்டாயம். கழிவுநீர்த் தொட்டி, பழைய கிணறு இருந்தால் அவற்றின் மூடி எங்கே, எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். உளுத்துப்போன மூடியின் மேல் புல் வளர்ந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது.

அப்புறம், ஒரு நீளக் கம்பால் தட்டிக்கொண்டே மெதுவாக நடந்து பாருங்கள். உடைந்த கண்ணாடி, முள்கம்பி, குழி, குளவிக்கூடு, பாம்பு, எது வேண்டுமானாலும் இருக்கலாம். முழுக்கைச் சட்டை, நீளமான கால்சட்டை, கெட்டியான பூட்ஸ், தடித்த கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இவை இல்லாமல் இறங்க வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் மருத்துவரிடம் பேசி மறு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். உண்ணிகள் இருக்கும் பகுதி என்றால் வேலை முடிந்து உள்ளே வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் பார்க்க வேண்டும்.

தொட்டாலே தோலைப் புண்ணாக்கும் செடிகள் சில உண்டு. சிலவற்றின் சாறு தோலில் பட்ட பிறகு வெயில் பட்டால் தீக்காயம்போலக் கொப்புளிக்கும். நீங்கள் இருக்கும் பகுதியில் அப்படிப்பட்டவை எவை என்று முன்கூட்டியே படம் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒருபோதும் எரிக்காதீர்கள், புகை நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. பழைய வேலிப் பலகைகளையும் எரிக்க வேண்டாம். முற்காலத்தில் மரத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றினார்கள், அதன் சாம்பல் நஞ்சு.

வழி திறப்பதும் முதல் வெட்டும்

வேலையைத் தோட்டத்தின் நடுவில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு வழி வேண்டும். கதவிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கும், அங்கிருந்து குப்பை சேர்க்கும் மூலைக்கும் தள்ளுவண்டி போகிற அகலத்தில் ஒரு பாதையைத் திறங்கள். அடுத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஓர் அரை மீட்டர். சுவரில் சாயும் செடிகள் ஈரத்தைத் தேக்கும், எலிக்கும் மறைவிடமாகும். இந்த இரண்டையும் முடித்தாலே, நுழையவே பயமாக இருந்த இடம் வேலை செய்யக்கூடிய இடமாகிவிடும்.

உயர்ந்த புல்லை நேராகப் புல்வெட்டி இயந்திரத்தால் வெட்டப் போனால் இயந்திரம் திணறும், மறைந்திருக்கும் கல்லில் மோதிக் கத்தியும் போகும். அரிவாளாலோ, சுழலும் நைலான் நூல் வைத்த கைக்கருவியாலோ முதலில் 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். வெட்டியதை வாரி எடுங்கள். அப்படியே கிடந்தால் கீழே இருக்கும் புல் மூச்சுத் திணறி அழுகும். ஒரு வாரம், பத்து நாள் விட்டு, புல் மறுபடி பச்சை பிடித்ததும் இயந்திரத்தை அதிகபட்ச உயரத்தில் வைத்து ஓட்டலாம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கடைசியில் 7, 8 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்திவிடுங்கள். ஒட்ட வெட்டினால் வேர் பலவீனமாகும், தரையில் வெளிச்சம் விழுந்து களை முளைக்கும். தொடர்ந்து வெட்டிக்கொண்டிருந்தாலே, உயரமாக வளரும் பல களைகள் தாமாக ஓய்ந்து புல் மேலோங்கிவிடும். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிய புல்தரை போட வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு முன் இரண்டு மாதம் இப்படி வெட்டிப் பாருங்கள்.

வெட்டும்போது வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளிப்புறமாக நகருங்கள். உள்ளே இருக்கும் தவளை, முள்ளெலி, பறவைக் குஞ்சு எல்லாம் ஓடுவதற்கு ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். வசந்தம் பறவைகள் கூடு கட்டும் காலம். வேலிப்புதரைத் தொடுவதற்கு முன் சற்றுத் தள்ளி நின்று, பறவைகள் போய்வருகின்றனவா என்று பாருங்கள். கூடு இருந்தால் குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தப் புதரை விட்டுவிடுங்கள். பல நாடுகளில் இது சட்டமும்கூட.

களை: எதை இழுப்பது, எதை மூடுவது

ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்துச் செத்துப்போகும் களைகளுக்கு உயிர்நாடி விதை. பூக்கும் முன்பே வெட்டிவிட்டால் அவற்றின் கதை அதோடு முடிந்தது. வேரைத் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. வெயிலடிக்கும் காய்ந்த நாளில் களைக்கொத்தால் மேலாகச் சீவிவிட்டால் அங்கேயே வாடிவிடும்.

பல்லாண்டுக் களைகள் வேறு ரகம். ஆணிவேர் விட்டு இறங்குபவற்றை மழைக்கு மறுநாள், மண் இளகியிருக்கும்போது, வேரோடு சேர்த்து நெம்பி எடுக்க வேண்டும். முனை முறிந்து உள்ளே தங்கினால் அதிலிருந்தே மறுபடி தழைக்கும். எல்லாவற்றிலும் கஷ்டம் கொடுப்பவை மண்ணுக்கடியில் கிடைமட்டமாகத் தண்டு ஓட்டிப் பரவுபவை. அருகும் கோரையும் இந்த இனம்தான். இவை உள்ள இடத்தில் உழவு இயந்திரத்தை ஓட்டவே கூடாது. ஒரு தண்டை நூறு துண்டாக நறுக்கினால் நூறு செடி வரும். வாடகைக்கு அந்த இயந்திரத்தை எடுத்து ஒரே நாளில் தோட்டத்தைப் புரட்டிப் போடுவதுதான் புதியவர்களுக்குப் பலரும் சொல்லும் யோசனை. முதல் வாரம் பார்க்க அழகாகவும் இருக்கும். நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஜப்பானிய நாட்வீடு போன்ற, சின்னத் துண்டு தண்டிலிருந்தும் பிழைக்கும் ஆக்கிரமிப்புச் செடி உங்கள் இடத்தில் இருப்பதாகத் தெரிந்தால் தோண்டாமல் நிறுத்துங்கள். உள்ளூரில் அதற்கென்று விதிமுறைகள் இருக்கும், மண்ணை வெளியே கொண்டுபோவதற்கே கட்டுப்பாடு இருக்கலாம். அது அனுபவசாலிகளின் வேலை.

மற்ற இடங்களுக்கு, உழைப்புக்கு அதிகப் பலன் தருவது மூடும் முறை என்பது என் கருத்து. களையைத் தரையோடு வெட்டுங்கள். பளபளப்பு இல்லாத பழுப்பு நிற அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ஒட்டிய டேப்பையும் கம்பிகளையும் உரித்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று 15 சென்டிமீட்டராவது ஏறும்படி பரப்புங்கள். இடுக்கு விட்டால் களை அந்த வழியாக வெளியே வரும். நன்றாக நனையும்வரை தண்ணீர் விடுங்கள். மேலே மரச்சில்லு, சருகு, வைக்கோல் என எது கிடைக்கிறதோ அதை 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் போடுங்கள். வெளிச்சம் இல்லாமல் களை தளரும், அட்டை மெல்ல மக்கும், மண்புழுக்கள் மேலே வரும். வசந்தத்தில் மூடினால் பெரும்பாலும் அந்த வருஷ இலையுதிர் காலத்தில் நடத் தயாராக இருக்கும். விடாப்பிடியான கிழங்குக் களை இருந்தால் இன்னும் ஒரு பருவம் எடுக்கும். விளிம்பில் எட்டிப் பார்ப்பவற்றை மட்டும் வாரம் ஒருமுறை பிடுங்க வேண்டும். அட்டை கிடைக்காவிட்டால் வெளிச்சம் புகாத கறுப்புத் தார்ப்பாயை விரித்து ஓரங்களில் கல் வைத்தாலும் சரி. அது மண்ணை வளமாக்காது, ஆனால் களையை அடக்கும்.

களைக்கொல்லி மருந்து தேவைப்படும் இடங்கள் மிகச் சிலவே, முதல் வருஷத்தில் அதைத் தேட வேண்டாம். எது செடி எது களை என்றே தெரியாத நிலையில் தெளிக்கும் மருந்துக்கும் அந்த வித்தியாசம் தெரியாது.

புதரும் மரமும்

கிளை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் சற்றுக் கீழே தள்ளிச் சுரண்டிப் பாருங்கள். செத்தது, முறிந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது இவற்றை எந்தப் பருவத்திலும் எடுக்கலாம். முதல் வசந்தத்துக்கு இந்த அளவு கவாத்தே போதுமானது.

அதற்கு மேல் வெட்ட நினைத்தால் பூக்கும் காலத்தைப் பாருங்கள். வசந்தத்தில் பூக்கும் லைலாக், ஃபார்சித்தியா போன்றவை போன வருஷக் கிளையிலேயே மொட்டுகளை வைத்திருக்கும். இப்போது வெட்டினால் இந்த வருஷப் பூ போச்சு, பூத்து முடிந்ததும் வெட்டுங்கள். கோடையின் பிற்பகுதியில் புதுக் கிளையில் பூப்பவற்றை வசந்தத் தொடக்கத்திலேயே வெட்டலாம். பெரிதாகப் பருத்துவிட்ட பழைய புதரை மொத்தமாகக் குட்டையாக்க வேண்டாம். தரையிலிருந்து கிளம்பும் தண்டுகளில் மிகப் பழையவையாகப் பார்த்து மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுங்கள். இப்படி மூன்று வருஷம் செய்தால் புதர் முழுக்க இளந்தண்டாக மாறியிருக்கும், இடையில் பூவும் நிற்காது. ஊசியிலை வகைகளில் பலவும் இலையில்லாத பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது என்பதால் அவற்றைப் பச்சை இருக்கும் எல்லைக்குள்ளேயே வெட்ட வேண்டும்.

மரத்தில் கிளையை எடுக்கும்போது, தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போலப் புடைத்திருக்கும் பகுதியைச் சேதப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே அறுங்கள். காயத்தை மூடி ஆற்றுவது அந்தப் புடைப்புதான். வெட்டுக்காயத்துக்குப் பெயின்ட் பூசுவது பெரும்பாலும் பலன் தராத பழைய வழக்கம். மரத்தில் ஏறிய கொடியை மேலிருந்து இழுக்காதீர்கள், காய்ந்த கிளையும் சேர்ந்து தலையில் விழும். அடியில் சுற்றிலும் வெட்டி, இரண்டடி உயரத்துக்குத் துண்டை நீக்கிவிட்டால் மேலே இருப்பது தானாகக் காயும். ஏணி வைத்து ரம்பம் பிடிக்க வேண்டிய உயரம், மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் மரம், அடியில் காளான் முளைத்த மரம் இவற்றையெல்லாம் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். இந்தத் தோட்டத்துக்கு ஓரிடத்தில்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் இங்கே செலவழியுங்கள்.

வெட்டியதை என்ன செய்வது

குவியல் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கும். விதை கட்டாத பசுமைக் கழிவையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றி அடுக்கினால் கம்போஸ்ட் ஆகும். பச்சை ஒரு பங்குக்குச் சருகு இரண்டு, மூன்று பங்கு என்ற கணக்கு சரியாக வரும். குவியலின் நடு 55 டிகிரிக்கு மேல் சூடேறி சில நாள் நின்று, அவ்வப்போது புரட்டியும் விட்டால்தான் களை விதை சாகும். வீட்டுக் குவியல் பலவும் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. ஆகவே விதை கட்டிய தலைகளையும் ஓடும் வேர்களையும் அதில் போட வேண்டாம். வேர்களை வாளித் தண்ணீரில் மூழ்கடித்துச் சில வாரம் மூடி வைத்து, அழுகிய பிறகு போடலாம். தடித்த கிளைகளை ஒரு மூலையில் அடுக்கி விட்டுவிட்டால் சிறு உயிர்கள் குடியேறும்.

மண் பார்த்து, ஒரே ஒரு பாத்தி

ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். களிபோல ஒட்டி நின்றால் அன்றைக்குத் தோண்டவும் வேண்டாம், அதன்மேல் நடக்கவும் வேண்டாம். ஈர மண் இறுகிவிட்டால் இளகப் பல வருஷம் ஆகும். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். தண்ணீர் வடிகிறதா என்று பார்க்க ஓரடி ஆழக் குழி தோண்டி நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். இரண்டரைக்கும் மேல் இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்குச் சரி.

மண் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது. மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச் அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் பொருந்தும். வீடு பழையது, காய்கறி போடும் எண்ணமும் உண்டு என்றால் ஈயத்துக்கும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தக் கால வண்ணப்பூச்சில் ஈயம் இருந்தது, சுவரிலிருந்து உதிர்ந்து பக்கத்து மண்ணில் தங்கியிருக்கும். அளவு அதிகம் என்று வந்தால் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பிய மேட்டுப்பாத்தியில் காய்கறி போடலாம்.

இந்த வசந்தத்தில் நடுவதற்கு ஒரு பாத்தி போதும். கதவுக்குப் பக்கத்தில், தினமும் கண்ணில் படும் இடத்தில், இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவு. உங்கள் ஊரில் கடைசி உறைபனி வழக்கமாக எப்போது விழும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு மென்மையான செடிகளை நடுங்கள். நெருக்கமாக நட்டு, இடையில் தெரியும் மண்ணை மரச்சில்லு, சருகு போன்ற மூடாக்கால் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் குவிக்க வேண்டாம், ஈரத்தில் அழுகும்.

கோடை முழுக்க வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, அரை மணி நேரம் ஒதுக்கினால் சமாளிக்கலாம்: புல் வெட்டு, விதை கட்டப் போகும் களையின் தலையைக் கிள்ளு, அட்டையின் ஓரங்களைச் சரிபார். எதெல்லாம் பூத்தது, எங்கே நிழல் விழுந்தது என்று அதே வரைபடத்தில் எழுதி வாருங்கள். குளிர்நாட்டுப் புல்வகைகளை விதைக்க வசந்தத்தைவிட இலையுதிர் காலத்தின் தொடக்கமே நல்லது. மண்ணில் சூடு இருக்கும், களையின் வேகம் குறைந்திருக்கும். மொட்டைத் திட்டுகளை அதுவரை விட்டு வையுங்கள். அட்டை போட்டு மூடிய இடத்தையும் அப்போதே திறந்து பாருங்கள். கைவிரல் சுலபமாக மண்ணுக்குள் இறங்கினால், அடுத்த பாத்தியை அங்கே போடலாம்.